லாரிக் கயிறு

உட்கார் தம்பி. பரிசல் வரும். அக்கரையில் நிற்கிறது. இங்கிருந்து கையை ஆட்டினால் அங்கமுத்து வந்துவிடுவானா? அங்கே ஆள் சேர வேண்டும். சேர்ந்தால் வருவான்.

வண்டியை மேட்டிலேயே நிறுத்து. கீழே சேறு. பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் இழுக்கும். போன வருஷம் அந்தச் சேறு இருக்கிற இடத்தில் பனை உயரத்துக்குத் தண்ணீர். இப்போது மாடு மேய்கிறது. மேட்டூர் அணை நிரம்பினால் இது கடல். வடிந்தால் காடு. அவ்வளவுதான்.

புது வண்டியா? எலுமிச்சம்பழம் இன்னும் வாடவில்லை. பின்னால் என்ன, கயிறா? பரிசலில் கட்டுவதற்கா. ம்.

நானும் ஒரு வண்டி வாங்கினேன். நான் என்றால் என் மகள். இரண்டும் ஒன்றுதான். அந்த வண்டி இங்கேதான் இருக்கிறது. அதோ, மொட்டைப் பாறை தெரிகிறதா? அதற்கு இந்தப் பக்கம், தண்ணீருக்குள். எட்டிப் பார்க்காதே, தெரியாது. இன்னும் இறங்க வேண்டும். அதற்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

சொல்கிறேன். நடுவில் பேசாதே.

என் பெயர் சின்னப்பையன். சிரிக்காதே. இந்தப் பக்கம் நரைத்த சின்னப்பையன்கள் நிறைய உண்டு. சங்ககிரியில் லாரி செட்டில் லோடு கட்டினேன். ஏற்றுகிறவன் வேறு, கட்டுகிறவன் வேறு. ஏற்றுவதை எவனும் செய்வான். பஞ்சுப் பொதி, மஞ்சள் மூட்டை, தேங்காய், எதுவாக இருந்தாலும் தார்ப்பாயைப் போட்டு, மேலே கயிறு வீசி, நான் ஒரு முடிச்சுப் போட்டால் டெல்லி வரைக்கும் அசையாது. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. டிரைவர்கள் வந்தால் முதலில் கேட்பது, "சின்னப்பையன் கட்டா?" ஆமாம் என்றால் ஏறி உட்கார்ந்து கிளீனரைத் தூங்கச் சொல்லிவிடுவார்கள். வேலையை விட்டு வரும்போது வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு கயிறு மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். நல்ல கயிறு.

ஒரே மகள். மாதேஸ்வரி. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் வேலைக்குப் போனாள். மாட்டுக்கு ஊசி போடுகிற வேலை.

என்ன ஊசியா? ஊசி. அவ்வளவுதான்.

சரி, சினை ஊசி. காளைக்குப் பதிலாக. மாடு கத்தினால் போன் செய்வார்கள், இவள் போக வேண்டும். தோள் வரைக்கும் உறையைப் போட்டுக்கொண்டு கையை விட்டு... வேண்டாம், விடு. படித்த பெண் செய்கிற வேலையா அது? டீக்கடையில் ஒருத்தன் கேட்டான், "ஏம்பா சின்னப்பையா, ஊருக்கெல்லாம் உம்மகதான் இப்பக் காளையாமே." அந்தக் கடையில் டீ குடிப்பதை அன்றைக்கே நிறுத்தினேன். அவன் மாடு சினை நிற்காமல் திரும்பத் திரும்பக் கத்தி, கடைசியில் இவளைத்தான் கூப்பிட்டான். கிடாரிக் கன்று. அது வேறு கதை.

அவளுக்கு வேலை எல்லாம் அக்கரைக் காட்டுக் கொட்டாய்களில். காலையில் பரிசலில் போவாள், சாயங்காலம் வருவாள். அங்கே நடந்தே போய்க்கொண்டிருந்தாள். தோளில் ஒரு கேன். மூடியைத் திறந்தால் புகை வரும். அதற்குள்தான் ஊசிக்குழாய் எல்லாம். அதைத் தூக்கிக்கொண்டு கரட்டில் ஏறி இறங்கித் தோள் காய்த்துப்போய்விட்டது. வண்டி வாங்குகிறேன் என்றாள். ஸ்கூட்டி வாங்கு, பொம்பளைப் பிள்ளைக்கு அதுதான் அழகு என்றேன்.

"கரட்டுல ஸ்கூட்டி ஏறாதுப்பா. மோட்டார் சைக்கிள்தான் ஏறும்."

"ஊர்ல எவ மோட்டார் சைக்கிள் ஓட்டுறா?"

"அதான் நான் ஓட்டப் போறேன்னு சொல்றேனே."

பேச்சு அப்படித்தான். அவள் அம்மா கொடுத்த இடம்.

நான் ஒன்று சொன்னேன். வண்டி வாங்கு. ஆனால் வண்டி எடுக்க நான் வருவேன். சாவி என் கையில் வர வேண்டும். நம் முனியப்பனுக்கு முன்னால் நிறுத்திப் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கும் வரைக்கும் எஞ்சின் உறுமக் கூடாது, யாரும் மேலே உட்காரக் கூடாது. எங்கள் வழக்கம் அது. என் அப்பன் மாட்டுவண்டி வாங்கியபோதும் மாட்டைப் பூட்டாமல் ஆளே இழுத்து வந்தான். சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டுத்தான் எல்லாம் செய்வாள்.

ஆனி கடைசி நாள். மறுநாள் ஆடி. ஆடியில் புதுப் பொருள் வீட்டுக்குள் வராது. அன்றைக்கு விட்டால் ஒரு மாதம். அவளால் ஒரு மாதம் பொறுக்க முடியாது. மாடு ஆடி பார்த்தா கத்துகிறது என்றாள்.

அக்கரை டவுனில் கடை. கண்ணாடிக் கதவு. வண்டிக்கு எலுமிச்சம்பழம் கோத்த மாலை போட்டு, ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். சாவி கொடுக்க ஒரு பையன் வந்தான். "வண்டி யாருக்குங்க?" என்றான். "எனக்கு" என்றேன். "அப்படியே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கலாம்" என்றான். எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. மாதேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாள் என்று நினைக்கிறேன். சாவியை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் அணையைச் சுத்தி ரோட்டுலயே ஓட்டிட்டு வந்துடறேன். நீங்க பரிசல்ல போங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன்."

"பூசை போடாம எஞ்சினைக் கிளப்பறதா?"

"முனியப்பன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன்."

"சாவி எங்கிட்ட இருக்கு."

அதோடு பேச்சு முடிந்தது. பூசை மட்டும் இல்லை. இவள் அந்த வண்டியில் காலைப் போட்டு உட்கார்ந்து, அணை ரோட்டில் எங்கள் ஆட்கள் எல்லாம் பார்க்க... நீயே சொல். வேண்டாம், சொல்லாதே.

ஒரு குட்டியானை பிடித்தேன். யானை இல்லை, அந்தச் சின்ன லோடு வண்டி. வண்டியைப் பின்னால் ஏற்றி என் கயிற்றைப் போட்டுக் கட்டினேன். நான்கு பக்கம் இழுத்து, கீழே கொக்கியில் வாங்கி, முடிச்சு. ரோடு எப்படி என்று தெரியுமல்லவா. குதித்துக் குதித்து வந்தோம். துறையில் இறங்கிப் பார்க்கிறேன், வண்டி மாலை கூடக் கலையவில்லை. டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தான். "பெரியவரே, இது பொறந்ததுல இருந்து இங்கயேதான் நின்ன மாதிரி நிக்குது" என்றான். மாதேஸ்வரியைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று ஆரம்பித்திருந்தது. ஆடிக் காற்று ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. தண்ணீர் நிறைய இருந்தது. அந்த வருஷம் மேலே கர்நாடகாவில் நல்ல மழை. அங்கமுத்து பரிசலைக் கரைக்கு ஏற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஆகாதுங்க. காலைல போலாம்."

"காலைல ஆடி."

"ஆடின்னா தண்ணி வேண்டாம்னா சொல்லுது?"

"புது வண்டி அங்கமுத்து. பூசைக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. எங்கூட்டுக்காரி பொங்கல் வெச்சுட்டுக் காத்திருக்கா. சேவல் கட்டிக் கிடக்கு."

அவன் மாதேஸ்வரியைப் பார்த்தான். தினமும் ஏறி இறங்குகிறவள், பழக்கம். அவள், "எங்கப்பா சொன்னா சொன்னதுதான் அண்ணா. இப்பவே கிளம்பிட்டா காத்து ஏறறதுக்குள்ள போயிடலாமா?" என்றாள். பீடியைப் போட்டான். வேறு ஆள் ஏற்றவில்லை. நாங்கள் மூன்று பேர், வண்டி.

வண்டியைத் தூக்கிப் பரிசலின் நடுவில் நிறுத்தினோம். நான் கயிற்றை எடுத்தேன்.

"கட்டாதீங்க பெரியவரே" என்றான் அங்கமுத்து.

"ஏன்?"

"பரிசல்ல யாரும் எதையும் கட்டறதில்லீங்க. ஆடு ஏத்துனாலும் கையிலதான் பிடிச்சுக்கணும்."

"ஏன்னு கேட்டேன்."

"பழக்கமுங்க."

இதுதான் எனக்குப் பிடிக்காது. காரணம் தெரியாமல் அப்பன் செய்தான், பாட்டன் செய்தான் என்று செய்வது. காரணம் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். அவன் சொல்லவில்லை. நான் கட்டினேன். விளிம்பு மூங்கிலில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, முன் சக்கரத்துக்கு ஒன்று. மிச்சக் கயிறு கொஞ்சம் இருந்தது. அதைக் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி மிதித்துக்கொண்டேன். லாரி மேல் நிற்கும்போது அப்படித்தான் நிற்போம். கயிறு நழுவாது. ஆளும் நழுவமாட்டான்.

மாதேஸ்வரி, "காலை எடுங்கப்பா" என்றாள். அப்போதே சொன்னாள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாதித் தூரம் நன்றாகத்தான் போனது. மொட்டைப் பாறை முழுகிக் கிடந்தது, மேலே தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது, அதை வைத்து இடம் தெரியும். அங்கே வந்தபோது காற்று திரும்பியது. அதுவரைக்கும் முதுகில் அடித்தது, இப்போது பக்கத்தில் அடித்தது. அலை வந்தது. அணையில் அலை வருமா என்று கேட்காதே. வரும்.

பரிசல் சுற்ற ஆரம்பித்தது. அங்கமுத்து சுற்றட்டும் என்று விட்டான். காற்றோடு சுற்றினால் தண்ணீர் ஏறாதாம். வண்டி சுற்ற விடவில்லை. வண்டி ஒரு பக்கம் சாயப் பார்க்கிறது, கயிறு இந்தப் பக்கம் இழுக்கிறது. மூங்கில் முனகுகிறது. நான் முடிச்சைப் பார்க்கிறேன். நன்றாகப் பிடித்திருந்தது.

"அவுத்துடுங்க பெரியவரே. சாஞ்சா சாயட்டும், கையில பிடிச்சுக்கலாம்."

"துடுப்பைப் போடு நீ."

"அவுத்துடுங்கன்னு சொல்றேன்."

"நான் கட்டுன கட்டு இது."

இன்னொரு அலை. வண்டியின் ஸ்டாண்டு வழுக்கியது. அப்படியே விளிம்பில் போய் விழுந்தது. புதுப் பெட்ரோல் டேங்க், மாலை, எல்லாம். விளிம்பு தாழ்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. வண்டி விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. போய் முழுகவில்லை. கயிற்றில் தொங்கியது. முடிச்சு பிடித்திருந்தது தம்பி, அதைச் சொல்கிறேன். மூன்று முடிச்சும் பிடித்திருந்தது. அவ்வளவு எடையும் அந்த ஒரு பக்க விளிம்பில். பரிசல் பாதி செங்குத்தாக நின்றுவிட்டது. அங்கமுத்து எதிர்ப் பக்கம் ஏறிப் படுத்துக்கொண்டு கத்துகிறான். என் கால் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி.

மாதேஸ்வரி முடிச்சில் கையை வைத்தாள். அவிழ்க்கப் பார்த்தாள். அவிழுமா? இழுக்க இழுக்க இறுகுகிறது. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தாள். பிறகு பையைத் திறந்தாள். அவளிடம் ஒரு கத்தரி உண்டு. ஊசிக்குழாயின் முனையை நறுக்குவதற்கு. விரல் அளவுதான் இருக்கும். அதை எடுத்து என் கயிற்றில் வைத்தாள்.

"ஏய், அறுக்காதே" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. கயிற்றை மட்டும் பார்த்தாள். அந்தக் கத்தரிக்கு லாரிக் கயிறு எங்கே அறுபடும். இழை இழையாகத்தான் போனது. ஒரு இழை, அப்புறம் ஒரு இழை. தண்ணீர் என் இடுப்புக்கு வந்துவிட்டது. "இரு, கரை வந்துரும்" என்றேன். கரை எங்கோ இருந்தது. ஒரு கயிறு அறுந்தது. இரண்டாவது அறுந்தது. மூன்றாவதை அவள் முடிக்கவில்லை, அதுவே தெறித்தது. என் முகத்தில் அடித்தது. பரிசல் தடாலென்று சமமாகி என்னைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது.

வண்டி போய்விட்டது. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அப்புறம் மாலை மேலே வந்தது. எலுமிச்சம்பழம் ஒன்று வந்தது. அது பரிசலோடு கூடவே கொஞ்ச தூரம் வந்தது.

தண்ணீரை இறைத்துக்கொண்டு கரை வந்தோம். என் பெண்டாட்டி பொங்கல் பானையோடு இதே மேட்டில் நிற்கிறாள். "வண்டி எங்க?" என்றாள். அங்கமுத்து பரிசலைக் கவிழ்த்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். சேவல் தப்பித்தது. இன்னும் இருக்கிறது. விடியும் முன்னால் கத்தி என்னை எழுப்புகிறது.

நான் மாதேஸ்வரியிடம் கேட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அது யாரு கட்டுன கட்டுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்ப்பா. அதான் அவுக்க முடியல. அறுத்தேன்."

"உன் வண்டி. உன் சம்பாத்தியம். நீயே அறுத்து விட்டுட்டே."

"உங்க காலும் அந்தக் கயித்துலதான் இருந்துச்சு" என்றாள். விரல்களில் ரத்தம். முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. அவள் அம்மாவிடம் சொல்வாள், "அப்பாவைச் சாப்பிடச் சொல்லும்மா." நான் அம்மாவிடம் சொல்வேன், "அப்புறம் சாப்பிடறேன்னு சொல்லு." நடுவில் இருக்கிறவளுக்குத்தான் வாய் வலிக்கிறது.

என் மேல் என்ன தப்பு சொல். முடிச்சு அவிழ்ந்ததா? அவிழ்ந்திருந்தால் என் தப்பு. மூங்கில் முறிந்திருந்தால் அங்கமுத்து தப்பு. இரண்டும் இல்லை. அவள் அறுத்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் காற்று தணிந்திருக்கும். கணுக்காலில் இதுவா? கயிறு பதிந்த தடம். ஆறிவிட்டது. மழைக்கு முன்னால் அரிக்கும். அதற்கென்ன.

தண்ணீர் இறங்கினால் வண்டி தெரியும். வண்டி போனால் போகட்டும், துரு பிடித்திருக்கும். கயிறு அதிலேயே இருக்கும் இல்லையா? முடிச்சு அப்படியே இருக்கும். அதை அவளிடம் காட்ட வேண்டும். அங்கமுத்துவிடமும் காட்ட வேண்டும். அதற்குத்தான் தினமும் வருகிறேன். சாவி இதோ, இடுப்பிலேயே இருக்கிறது.

அங்கமுத்து கேலி செய்கிறான். "தண்ணி காலைலயும்தானே இறங்குது, நீங்க ஏன் சாயங்காலமா வர்றீங்க?" என்கிறான். காலையில் வெயில் கண்ணைக் கூசும். அவனுக்கு என்ன தெரியும். காற்று அடிக்கிற நாளில் மத்தியானமே வந்துவிடுவேன். காற்றில் தண்ணீர் ஒதுங்கும், சீக்கிரம் தெரிய வாய்ப்பு உண்டு.

அவளா? இன்னொரு வண்டி வாங்கிவிட்டாள். பழசு, யாரோ ஓட்டியது. அதை எடுக்க என்னைக் கூப்பிடவில்லை. அணையைச் சுற்றி அவளே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். தனியாக. அதுவும் ஆடியில். ஊர் முழுக்கப் பார்த்தது. முனியப்பன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதிலும் வருத்தம்தான்.

அதோ, பரிசல் வருகிறது. எழுந்திருக்காதே, இன்னும் தூரம் இருக்கிறது. கண் நன்றாகத் தெரிகிறதா உனக்கு? எத்தனை பேர்? வண்டி இருக்கிறதா? பச்சை கலர்ச் சேலையா, சுடிதாரா? பக்கத்தில் கேன் இருக்கிறதா பார்.

நின்றுகொண்டிருக்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா?

நிற்கிறாள். சரி. வண்டியை எப்படி வைத்திருக்கிறாள்? நன்றாகப் பார்த்துச் சொல். இரண்டு கையிலும் பிடித்திருக்கிறாளா? கயிறு எதுவும் இல்லையே?

இல்லை. சரி.

பாறையைத் தாண்டட்டும். அதுவரைக்கும் பேசாதே.

தாண்டிவிட்டார்கள்.

நீ கிளம்பு. உன் வண்டியைக் கீழே இறக்கும்போது அந்தக் கல் மேலேயே உருட்டிக்கொண்டு போ. என்ன? நான் கட்டித் தர வேண்டுமா? உன்னை விட நன்றாகக் கட்டுவேன், டெல்லி வரைக்கும் அசையாமல் கட்டுவேன். அதில் சந்தேகமே இல்லை.

அந்தக் கயிற்றை இப்படிக் கொடு.

கொடு என்றால் கொடு. நல்ல கயிறு, எனக்கு வேலை இருக்கிறது. நீ கையில் பிடித்துக்கொண்டு போ. சாய்ந்தால் விட்டுவிடு. ஏன் என்று கேட்காதே, பரிசல் வந்துவிட்டது. அவள் இறங்கட்டும், வழியை விட்டுத் தள்ளி நில்.